கோல் வைத்து அளந்த ஊர்: ஓர் ஆங்கிலச் சந்தை நகரத்தைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்துக்குப் போய்வந்தவர்களின் போட்டோக்களில் ஒரு படம் அநேகமாக இருக்கும். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு கோணல் வீடு, அதை ஒட்டி ஒரு சிவப்புச் செங்கல் வீடு, பின்னால் ஒரு தேவாலயக் கோபுரம். ஊர்ப் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். வேறெங்கோ போகிற வழியில் டீ குடிக்க இறங்கிய இடமாக இருக்கும். இப்படி வழியில் தட்டுப்படும் ஊர்களில் பல, மார்க்கெட் டவுன் என்று அங்கே சொல்லப்படுபவை. தமிழில் சந்தை நகரம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ஊர்களைப் பார்க்கக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. நான் முதலில் பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யப் பார்த்தேன்: டியூடர், ஜார்ஜியன், விக்டோரியன். அது அவ்வளவாக உதவவில்லை, ஏனென்றால் ஒரே வீட்டில் மூன்றும் இருக்கும். முன்பக்கம் ஒரு காலம், கூரை ஒரு காலம், கொல்லைப்புறம் இன்னொரு காலம். அப்புறம்தான் புரிந்தது. வீட்டின் முகப்பை நூறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். அது நிற்கும் மனையின் அகலத்தை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. இரண்டு பக்கமும் அடுத்தவர் இருக்கிறார். ஆகவே ஒரு சந்தை நகரத்தில் நீங்கள் பார்க்கும் மிகப் பழைய விஷயம் பெரும்பாலும் மனைக்கும் மனைக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோடுதான். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் லட்லோ. இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் கவுன்டியில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 10,000. ஊர் சின்னது, ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 500.

சந்தை வைக்க ராஜாவின் அனுமதி

இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. அது அரசருடைய உரிமை. ஒரு பிரபுவுக்குத் தன் நிலத்தில் சந்தை வேண்டுமென்றால் அரசரிடம் பட்டயம் வாங்க வேண்டும். வாரத்தில் எந்தக் கிழமை சந்தை, வருஷத்தில் எந்தத் திருநாளை ஒட்டிப் பெரிய சந்தை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பிரபுவுக்கு இதில் என்ன கிடைக்கும்? கடை போடுகிறவர் தரும் வாடகை, உள்ளே வரும் சரக்குக்குச் சுங்கம், தகராறுகளில் விதிக்கும் அபராதம். வயலில் ஆள் வைத்து உழுது எடுப்பதைவிடச் சுலபமான பணம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரபுக்களும் பிஷப்புகளும் மடங்களும் போட்டி போட்டுக்கொண்டு புதுப்புது ஊர்களை உண்டாக்கியதற்கு இது முக்கியக் காரணம்.

போட்டி என்றால் வழக்கும் வரும். "பக்கத்தில் புதுச் சந்தை வைத்து என் வருமானத்தைக் கெடுக்கிறான்" என்று பிராது. எது பக்கம், எது தூரம்? பிராக்டன் என்பவரின் பெயரால் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் இதற்கு ஓர் அழகான கணக்குச் சொல்கிறது. ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அந்த நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் சந்தைக்குப் போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. 20 மைலில் மூன்றில் ஒரு பங்கு ஆறு மைலும் சொச்சமும், அதாவது 10.7 கிலோமீட்டர். அதற்குள் இன்னொரு சந்தை வந்தால் அது தொந்தரவான அண்டைச் சந்தை. நடைமுறையில் இதை எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இங்கிலாந்து வரைபடத்தில் சின்னச் சின்ன நகரங்கள் ஏன் இவ்வளவு சீராக இறைந்து கிடக்கின்றன என்பதற்கு, ஒரு மனிதனின் கால் நடைதான் பெரிய விடை.

ஊர்ப் பெயரிலும் சந்தை ஒளிந்திருக்கும். மார்க்கெட் ஹார்பரோ, மார்க்கெட் டிரேட்டன் என்றால் சொல்லவே வேண்டாம். சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன் என்று வரும் 'சிப்பிங்' கூடச் சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்தான்.

சந்தை நாளில் வரும் வெளியூர் வியாபாரி மறுநாள் இருக்க மாட்டான். அவன் ஏமாற்றினாலோ, அவனை யாராவது ஏமாற்றினாலோ வழக்கை அங்கேயே அப்போதே முடிக்க வேண்டும். அதற்காகவே சந்தையிலும் திருநாள் சந்தையிலும் உடனடி நீதிமன்றங்கள் இருந்தன. பை பவுடர் என்று பெயர். புழுதி படிந்த கால் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ. கால் புழுதியைத் தட்டிக்கொள்ளும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்!

கோட்டையும் கோலும்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வேல்ஸ் எல்லையை அடக்கிவைக்கும் பொறுப்பு சில குடும்பங்களுக்குப் போனது; அதில் ஒன்று டி லேசி குடும்பம். டீம் ஆறு இரண்டு பக்கம் வளைத்து ஓடும் ஒரு மேட்டின் நுனியில், 11ஆம் நூற்றாண்டின் கடைசியில், அவர்கள் லட்லோ கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். கோட்டை வந்த பிறகு அதன் வாசலில் ஊர் வந்தது. தானாக வளர்ந்த ஊர் அல்ல இது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே மேட்டின் முதுகு வழியாக அகலமான சந்தைத் தெரு. அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும் இரண்டு தெருக்கள்: மில் ஸ்ட்ரீட், பிராட் ஸ்ட்ரீட். இவ்வளவுதான் அடிப்படை வரைபடம்.

தெரு போட்டதும் இரண்டு பக்கமும் மனைகள் பிரித்தார்கள். இங்கேதான் கோல் வருகிறது. ராட், போல், பெர்ச் என்று ஆங்கிலத்தில் மூன்று பெயர் உண்டு. மூன்றுக்கும் பொருள் கோல்தான். ஒரு கோல் 16.5 அடி, 5 மீட்டரைச் சற்றே தாண்டும். மனையின் முகப்பை இந்தக் கோல் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். முகப்பு குறுகல், ஆனால் பின்னால் நீளம், நீளம், அப்படியொரு நீளம். தெருப்பக்கம் கடை, அதன் பின்னும் மேலும் வீடு, அதற்கும் பின்னால் பட்டறை, தொழுவம், கிணறு, காய்கறித் தோட்டம், கடைசியில் ஒரு பின்சந்து. சந்தைத் தெருவைப் பார்த்த முகப்புதான் பணம். எத்தனை பேருக்கு அதைப் பங்கிட்டுக் கொடுக்க முடியுமோ அத்தனை வாடகை. அதனால்தான் இந்த ரிப்பன் வடிவம்.

இந்த மனைக்கு பர்கேஜ் என்று பெயர். கிராமத்து உழவன் பிரபுவின் வயலில் இத்தனை நாள் இலவச வேலை செய்ய வேண்டியிருந்த காலம் அது. பர்கேஜ் மனைக்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான பண வாடகை (பல ஊர்களில் 12 பென்ஸ்), அவ்வளவுதான். மனையை விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். ஊருக்கு ஆள் சேர்க்கக் காட்டிய ஆசை இது. அந்தச் சுதந்திரத்தின் அளவு 16.5 அடி என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குறுகலான முகப்புகள் வேறு மாதிரித் தெரிகின்றன.

ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த புவியியலாளர் எம்.ஆர்.ஜி. கான்சன், ஆல்னிக் என்ற வடக்கத்திய ஊரின் மனைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட ஆய்வுதான் ஊர்களை இப்படிப் படிக்கும் முறைக்கு அடித்தளம். பின்னாளில் லட்லோவையும் அவர் இதே மாதிரி ஆராய்ந்தார். தெரு, மனை, கட்டடம் என்ற மூன்றில் கட்டடம் சீக்கிரம் மாறும், மனை மெதுவாக மாறும், தெரு ஏறக்குறைய மாறவே மாறாது என்பது அந்தப் பார்வையின் சாரம்.

பயிற்சிக்கு பிராட் ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டு ஒரு வேலை செய்யலாம். வீடுகளை எண்ணாதீர்கள், அகலங்களைக் காலடியால் அளந்துகொண்டே நடங்கள். ஒரு குறுகிய முகப்பு, அடுத்தது அதே மாதிரி, அதற்கடுத்து ஒரு வீடு மட்டும் இரண்டு மடங்கு. யாரோ பணக்காரர் பக்கத்து மனையையும் வாங்கிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார் என்று யோசிக்கலாம். ஆடம்பரமான வாசல்படியைவிட அகலம்தான் அங்கே நம்பத்தகுந்த அந்தஸ்துச் சான்று.

1233இல் ஊரைச் சுற்றி மதில் கட்ட அனுமதி கிடைத்தது. சந்தைக்கு வரும் சரக்கின் மேல் ஒரு தனி வரி வசூலித்து அந்தப் பணத்தில் மதில் எழுப்பலாம் என்பதுதான் அனுமதி. ஊரும் மனைகளும் முன்பே இருந்ததால் மதில் அவற்றின் குறுக்கே போக வேண்டியிருந்தது. பிராட் ஸ்ட்ரீட் பாதியில் வெட்டுப்பட்டது. ஆற்றுப்பக்கத்து மிச்சம், லோயர் பிராட் ஸ்ட்ரீட் என்று மதிலுக்கு வெளியே நின்றுபோனது. ஊருக்கு இருந்த ஏழு வாசல்களில் இன்று ஒழுங்காக மிஞ்சியிருப்பது பிராட் கேட் மட்டும். கீழே 13ஆம் நூற்றாண்டு மதில்வாசலின் வளைவுகள், மேலே 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் சாவகாசமாகக் கட்டிக்கொண்ட வீடு. கார்கள் ஒவ்வொன்றாக அதன் வழியே நுழைந்து போகின்றன.

கடை வீடான கதை

சரி, அகலமான சந்தைத் தெரு என்று சொன்னேனே, அது எங்கே? இன்று கோட்டை வாசலில் இருக்கும் சதுக்கம் அகலமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் அகலம் காணாமல் போய், சர்ச் ஸ்ட்ரீட், ஹார்ப் லேன், ஹை ஸ்ட்ரீட் என்று ஒன்றுக்கொன்று நெருக்கமான குறுகிய தெருக்களாகப் பிரிந்துவிடுகிறது.

நடந்தது இதுதான். சந்தையில் ஒருவர் பலகையும் துணிக்கூரையும் வைத்துக் கடை போடுகிறார். வாரா வாரம் அதே இடம். சாயங்காலம் பிரித்துக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் கால்களை ஊன்றிவிடுகிறார். அப்புறம் கதவு, அப்புறம் மாடி, மாடியில் குடித்தனம். தடுக்க வேண்டிய பிரபுவோ ஊர் நிர்வாகமோ வாடகை கிடைக்கிறதே என்று விட்டுவிடுகிறது. வரிசை வரிசையாகக் கடைகள் இப்படிக் கட்டடங்களாக உறைந்து, நடுவில் இருந்த நடைபாதைகள் தெருக்களாகிவிட்டன. ஆங்கிலச் சந்தை நகரங்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஆக்கிரமிப்பு உண்டு.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கொல்லைப்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். பர்கேஜ் மனையில் இருக்கும் வீட்டுக்குப் பின்னால் நீளமாக நிலம் இருக்கும். சந்தைக்குள் முளைத்த கட்டடத்துக்கு அது கிடையாது. முன்னாலும் தெரு, பின்னாலும் தெரு, நடுவில் ஆழமில்லாத ஓர் ஒல்லிக் கட்டடம்.

இதில் ஒரு எதிர்த்திசைக் கதையும் உண்டு. விக்டோரியா காலத்தில் லட்லோவின் சதுக்கத்தில் செங்கல்லால் ஒரு டவுன் ஹால் கட்டினார்கள். பலருக்குப் பிடிக்காத கட்டடம். 1986இல் அதை இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் இப்போது திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த ஊர் ஒருமுறை 'வேண்டாம்' என்று பதில் சொல்லியிருக்கிறது. விக்டோரியா காலத்து ஆர்வலர்கள் இன்னும் வருத்தப்படலாம். சதுக்கத்தில் நின்று கோட்டை வாசலைப் பார்க்கும்போது எனக்கென்னவோ இடித்தது சரிதான் என்று படுகிறது.

மரமா, செங்கல்லா?

இப்போது முகப்புகளுக்கு வரலாம். கறுப்பு வெள்ளை மரவீடுகளில் லட்லோவில் பேர்போனது ஃபெதர்ஸ் விடுதி. வேல்ஸ் எல்லைப்புறத்தை ஆண்ட மன்றத்தில் வழக்காடிய ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்குரைஞர், 1619இல் அந்த வீட்டுக்கு இன்றைய அலங்கார முகப்பைக் கொடுத்தார். பிறகு அது விடுதியானது. வேல்ஸ் இளவரசரின் சின்னமான தீக்கோழி இறகுதான் பெயருக்குக் காரணம். முகப்பு முழுக்கச் சாய்சதுரமும் வளைவுமாக மரவேலை. தாங்குவதற்குத் தேவையான மரத்தைவிடக் காட்டுவதற்காக வைத்த மரமே அதிகம். வக்கீல் நன்றாகச் சம்பாதித்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிய வேண்டுமல்லவா?

இந்த வீடுகள் நிற்கும் விதம் எளிமையானது. சுவர் எடையைத் தாங்காது, மரச்சட்டம்தான் தாங்கும். ஓக் மரத்தை வெட்டிக் காயவைக்காமல் பச்சையாகவே இழைப்பார்கள், காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் கழுந்து, குறுக்கே அடித்த மர ஆணி. ஆணி தவிர இரும்பு வேலை அநேகமாக இல்லை என்று சொல்லப்போனேன். அந்த ஆணியும் மரம்தான். தச்சர் தன் பட்டறைக் களத்தில் முழுச் சட்டத்தையும் ஒருமுறை தரையில் பூட்டிப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ஒவ்வொரு மூட்டிலும் கோடு கோடாக எண் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து மனையில் நிறுத்துவார். அந்தக் கீறல்களை இன்றும் பல வீடுகளில் தேடினால் பார்க்கலாம். சட்டங்களுக்கு இடைப்பட்ட கட்டங்களில் குச்சிகளைப் படல் போலப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு.

பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வீடு கோணலாக நிற்பதற்கு அது ஒரு காரணம். பல நூறு வருஷங்களில் அடிமண் அங்கங்கே இறங்கிப்போவது இன்னொன்று. கோணலாகிவிட்டது என்றால் விழப்போகிறது என்று அர்த்தமில்லை, மூட்டுகள் வளைந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான். மாடி, கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதற்கு ஜெட்டி என்று பெயர். மாடியில் இடம் கூடுகிறது, தெருவில் பந்தாவும் கூடுகிறது.

ஒரு சின்ன ஏமாற்றம் சொல்ல வேண்டும். அந்தப் பளிச்சென்ற கறுப்பு, பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. பழைய ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்குத்தான் வரும். பல வீடுகளில் மரத்தின் மேலும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

18ஆம் நூற்றாண்டு வந்தபோது மரவீடு பழைய ஃபேஷன் ஆகிவிட்டது. நெருப்புப் பயமும் இருந்தது. எல்லோருக்கும் சமச்சீரான செங்கல் முகப்பு வேண்டும்: நடுவில் கதவு, அதன் மேல் விசிறி வடிவக் கண்ணாடி, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள், கூரையை மறைக்கும் கைப்பிடிச்சுவர். ஜார்ஜியன் என்று சொல்வது இதைத்தான். வசதியிருந்தவர்கள் முழுவதையும் இடித்துக் கட்டினார்கள். மற்றவர்கள் மரவீட்டை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் ஒரு செங்கல் சுவரை எழுப்பிவிட்டார்கள். புதுச் சட்டை போட்ட பழைய ஆள்.

இந்தச் சட்டைக்காரர்களைப் பிடிப்பதில்தான் சுவாரஸ்யம். முகப்பை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டுச் சந்துக்குள் எட்டிப் பாருங்கள், மரச்சட்டம் தெரியும். கொஞ்சம் தள்ளிப்போய் கூரையைப் பாருங்கள், கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் செங்குத்தான பழைய கூரை எட்டிப் பார்க்கும். ஜன்னல்களின் உயரம் இன்னொரு துப்பு. மாடிகள் தாழ்வாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் உள்ளே தளங்கள் பழையவை. கட்டி மூடிய ஜன்னலைக் கண்டால் வழிகாட்டிகள் உடனே ஜன்னல் வரிக் கதையைச் சொல்வார்கள். 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது உண்மைதான். ஆனால் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகக் கட்டும்போதே பொய் ஜன்னலாக வைத்தவையும் ஏராளம். செங்கல்லின் விளிம்பு ஒட்டுப்போட்டதுபோல் இல்லாமல் சீராக இருந்தால் நான் வரிக் கதையை நம்ப மாட்டேன்.

பிராட் ஸ்ட்ரீட்டின் உச்சியில், தெருவையே முடித்துவைப்பதுபோல் நிற்கும் கல் கட்டடம் பட்டர்கிராஸ். 1740களில் வில்லியம் பேக்கர் என்பவர் வடிவமைத்தது. கீழே தூண்களுக்கு நடுவே திறந்தவெளி. கிராமத்துப் பெண்கள் வெண்ணெய் விற்க நிழலான இடம். மேலே அறை, அதில் ஏழைப் பிள்ளைகளுக்கான தர்மப் பள்ளிக்கூடம் நடந்தது. கீழே வியாபாரம், மேலே பொதுக்காரியம் என்ற இந்த அமைப்பை இங்கிலாந்தின் பல சந்தை நகரங்களில் பார்க்கலாம்.

மறைந்து நிற்கும் பெரிய கோபுரம்

லட்லோவின் புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம் 135 அடி. மைல்கணக்கான தூரத்திலிருந்து தெரியும். ஊருக்குள் வந்தால் காணாமல் போய்விடும்! பட்டர்கிராஸ் அருகே ஒரு குறுகிய சந்தில் நுழைந்தால்தான் சட்டென்று எதிரே வந்து நிற்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும்: சந்தைக்குள் முளைத்த அந்த ஒல்லிக் கட்டடங்கள்தான் குறுக்கே நிற்கின்றன.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோயில்? கம்பளி. எல்லைப்புறக் குன்றுகளின் ஆட்டு ரோமமும் ஊரில் நெய்த துணியும் கொடுத்த பணம். அந்தப் பணத்தைக் கோயிலுக்குத் திருப்பிவிட்டது பாமர்ஸ் கில்ட் என்ற சங்கம். பாமர் என்றால் புனிதப் பயணம் போய், அதற்கு அடையாளமாகக் குருத்தோலை (ஆங்கிலத்தில் பாம்) கொண்டு வந்தவர். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தச் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தால், நீங்கள் இறந்தபின் உங்கள் ஆன்மாவுக்காகப் பாதிரியார்கள் ஜெபித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரர்களும் சேர்ந்தார்கள், வீடுகளை எழுதிவைத்தார்கள், சங்கம் ஊரின் பெரிய வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒன்றானது.

உள்ளே போனால் பாடகர் குழுவின் இருக்கைகளைத் தவறவிடாதீர்கள். மணிக்கணக்கில் நின்று ஜெபிக்கிறவர்கள் லேசாகச் சாய்ந்துகொள்ள, மடக்கிய இருக்கையின் அடியில் ஒரு சிறு தாங்கி இருக்கும். அதன் கீழே சிற்பம். லட்லோவில் இப்படி 28 இருக்கின்றன. அதில் ஒன்றில் பீர் விற்கும் பெண்ணொருத்தியைப் பிசாசு தூக்கிக்கொண்டு நரகத்தின் வாய்க்குப் போகிறது. அவள் கையில் அவள் குற்றத்துக்குச் சாட்சியான பீர்க் குவளை: அளவில் ஏமாற்றியவள். பீருக்கும் ரொட்டிக்கும் அளவும் விலையும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட சந்தை ஊரில் நரகத்துக்குப் போக அந்தக் குற்றம் போதும்.

அந்தச் சங்கம் முடிந்த கதை கோட்டையிலிருந்து தொடங்குகிறது. 1502 ஏப்ரலில் லட்லோ கோட்டையில் இங்கிலாந்து அரசரின் மூத்த மகன் இளவரசர் ஆர்தர் இறந்தார். வயது 15, கல்யாணமாகிச் சில மாதங்கள். விதவையான ஸ்பெயின் இளவரசி கேத்தரினைப் பிறகு தம்பி எட்டாம் ஹென்றி மணந்தார். அந்தத் திருமணத்தை ரத்து செய்யப் போராடித்தான் ஹென்றி ரோமிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபையைப் பிரித்தார். அடுத்து வந்த மதச் சீர்திருத்தத்தில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் அமைப்புகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. 1551இல் பாமர்ஸ் கில்ட் முடிவுக்கு வந்தது. அதன் வீடுகள் ஊர் நிர்வாகத்தின் கைக்குப் போயின. ஒரு பையனின் மரணம் அரை நூற்றாண்டு கழித்து அதே ஊரின் சொத்துப் பத்திரங்களை மாற்றியது.

கோட்டையில் இருந்தபடி வேல்ஸையும் எல்லைப்புறத்தையும் நிர்வகித்த மன்றம் 1689இல் கலைக்கப்பட்டது. அதோடு கோட்டைக்கு வேலையில்லாமல் போய், கூரைகள் விழுந்தன. உள்ளே போகிறவர்கள் வட்டவடிவச் சிற்றாலயத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்தில் இப்படி மிச்சமிருப்பவை ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் மேல்.

இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து வாங்கியவரை நமக்குத் தெரியும். எட்வர்ட் கிளைவ். மார்க்கெட் டிரேட்டன் அருகே பிறந்து மதராஸில் குமாஸ்தாவாகத் தொடங்கிய ராபர்ட் கிளைவின் மகன். லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக 1774 முதல் இருபது வருஷம் இருந்துவிட்டு, 1798இல் மதராஸ் கவர்னராக வந்தார். 1803 வரை இருந்தார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799உம், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801உம் அவர் காலம்தான். ராபர்ட் கிளைவ் இந்தியாவில் சேர்த்த செல்வமே அந்தக் குடும்பத்தின் உயர்வுக்கு அடிப்படை. கோட்டை இன்றும் அவர் வழிவந்த போவிஸ் பிரபு குடும்பத்து எஸ்டேட்டின் சொத்து. அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போகும் தமிழருக்கு அது ஒரு விசித்திரமான சீட்டு.

யார் காப்பாற்றுகிறார்கள்?

இரண்டு விஷயம். ஒன்று, அதிர்ஷ்டம்: லட்லோவில் பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை, கையுறை தைக்கும் தொழில் வந்து போனது, ரயில் 1852இல்தான் வந்தது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமோ அவசரமோ இருக்கவில்லை. இரண்டாவது, சட்டம். 1947க்குப் பிறகு உருவான முறைப்படி சிறப்பு மிக்க கட்டடங்களைப் பட்டியலிட்டு மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள்: முதல் தரம், நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். பட்டியலில் சேர்ந்த வீட்டின் சொந்தக்காரர் அனுமதி வாங்காமல் ஜன்னலைக்கூட பிளாஸ்டிக்கில் மாற்ற முடியாது. இது வெளியூர்க்காரருக்குக் கவிதை, குளிர்காலத்தில் உள்ளே இருப்பவருக்கு ஹீட்டர் பில். பட்டியல் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போகும் முன் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறு குறிப்பு வரும்.

லட்லோவுக்கு ரயிலில் போகலாம். ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் நடுவில் நிலையம். என் யோசனை, நிலையத்திலிருந்து நேராகச் சதுக்கத்துக்குப் போகாமல், முதலில் ஊரைத் தாண்டி தெற்கே லட்ஃபோர்டு பாலத்துக்கு இறங்கிவிடுங்கள். பாலத்தருகே சாலையோரப் பாறைகளை யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பாறைகளை ஆராயும் நிலவியல்காரர்களுக்கு லட்லோ என்பது சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலப்பகுதியின் பெயர், அது இந்தப் பாறைகளால் வந்தது. அங்கிருந்து லோயர் பிராட் ஸ்ட்ரீட்டில் ஏறுங்கள். மதிலுக்கு வெளியே இருந்தவர்களின் சின்ன வீடுகள், பிராட் கேட், அதைத் தாண்டியதும் அகன்று விரியும் தெரு, உச்சியில் பட்டர்கிராஸ். இடது பக்கம் திரும்பினால் ஒல்லிக் கட்டடங்கள், அப்புறம் சதுக்கம், கோட்டை.

சந்தை வாரத்தில் பல நாள் கூடுகிறது. சாயங்காலம் வரை இருந்து பாருங்கள். சீஸ், ரொட்டி, பழைய புத்தகம் விற்கிறவர்கள் கோடுபோட்ட துணிக்கூரையைச் சுருட்டி, கம்பிகளைக் கழற்றி, வேனில் ஏற்றுவார்கள். ஹார்ப் லேன் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அப்படி ஏற்றாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.